பக்க ஓரத்தில் ஒரு வீடு

நம் அன்பர்கள் பலராலும் 2021-ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களை மறக்க முடியாது. தில்லியில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய நாட்கள் அவை. ஏப்ரல் 19 இரவு ஊரடங்கு தொடங்கியது. யமுனைக்குக் கிழக்கே மயூர் விகார், பட்பட்கஞ்ச், வசுந்தரா என்கிளேவ் பகுதிகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அடுப்பு மூட்ட ஆளில்லை. வீட்டில் இருக்கும் நாலு பேரும் படுத்த படுக்கை. பிள்ளைகளோ சென்னையில், பெங்களூரில், கடல் கடந்து வேறெங்கோ.

நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு வீட்டு அடுக்களையில் சமைத்தோம். ரசம் சாதம், தயிர் சாதம், ஒரு கறி. பொட்டலத்தை வாசலில் வைத்து, மணியடித்துவிட்டுப் பத்தடி விலகி நிற்க வேண்டும். கதவு திறந்து கை நீண்டதும் அடுத்த வீடு. எட்டு இளைஞர்கள் பாஸ் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் வந்தார்கள்.

என் பங்கு சமையல் அல்ல, வரைபடம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1978-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது பெட்டியில் இருந்தவை இரண்டு வேட்டி, ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். ஓய்வுக்குப் பிறகு என் மகள் சொல்லிக் கொடுத்துக் கணிப்பொறியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். அந்த நம்பிக்கையில், "எட்டுப் பையன்களுக்கும் ஆளுக்கொரு படப் புத்தகம் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கைபேசியில் வழிகாட்டும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒரு வீட்டுக்கு வழி சொல்லும். எந்தத் தெரு யாருடைய பொறுப்பு என்று பங்கு பிரித்துத் தராது. மேலும், அந்த நாட்களில் குடியிருப்புகளின் வாசல்கள் பலவற்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்திருக்கும் வாசல் எது என்பது அங்கே போய் வந்தவனுக்குத்தான் தெரியும். அதைப் பேனாவால் குறித்துக்கொள்ளக் காகிதம் வேண்டும்.

இரண்டே நாளில் 24 பக்கப் புத்தகம் தயாரானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதில் ஒரு வீடு விட்டுப்போயிற்று.

படம் பல, புத்தகம் ஒன்று

அந்தக் கதைக்கு வருமுன், அட்லஸ் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பள்ளியில் நாம் வைத்திருந்த அட்லஸ், படங்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் என்றுதான் நினைத்திருப்போம். அது மட்டுமல்ல. ஒரே அளவில், ஒரே குறியீடுகளோடு, ஒரே ஒழுங்கில் போட்ட படங்களின் தொகுப்பு அது. ஆண்ட்வெர்ப் நகரத்து ஆபிரகாம் ஆர்ட்டீலியஸ் 1570-இல் வெளியிட்ட தொகுப்பில் 53 படத்தாள்கள் இருந்தன. அதையே முதல் நவீன அட்லஸ் என்கிறார்கள். 'அட்லஸ்' என்ற பெயர் மெர்காட்டரின் தொகுப்பால் வந்தது. அது அவர் மறைந்த மறு ஆண்டு, 1595-இல் வெளியாயிற்று.

நம் நாட்டில் இதற்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. 1956-இல் கல்கத்தாவில் தேசிய அட்லஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் புவியியல் பேராசிரியர் எஸ்.பி. சாட்டர்ஜி. மறு ஆண்டே இந்தியில் முதல் தேசிய அட்லஸ் வெளிவந்தது.

அளந்து படம் போடும் வேலைக்கோ இன்னும் நீண்ட வரலாறு. 1767-இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் தலைமையகம் டேராடூனில் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அதுதான்.

அளந்ததைத் தாளில் அடக்க வேண்டுமே! நாட்டையே ஒரு தாளில் போட்டால் ஊர் தெரியாது; ஊர் தெரியும்படி போட்டால் தாள் மைதானத்தளவு வேண்டும். ஆகவே வெட்டினார்கள். நான்கு பாகை அகலம், நான்கு பாகை உயரம் கொண்ட பெரிய கட்டத்துக்கு ஓர் எண். அதைப் பதினாறாக வெட்டினால் ஒரு பாகைக் கட்டம். அதற்கு ஓர் ஆங்கில எழுத்து. அதையும் பதினாறாக வெட்டினால் கால் பாகைக் கட்டம். அதற்கு 1 முதல் 16 வரை எண். இந்தக் கடைசிக் கட்டம்தான் 1:50,000 அளவுத் தாள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர்.

இந்த வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 13-ஆம் அட்சரேகையும் 80 பாகை 15 கலைத் தீர்க்கரேகையும் சென்னையில் அடையாறு வட்டாரத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. விளைவு, மயிலாப்பூர் 66 சி/8 தாளில்; தியாகராய நகர் 66 சி/4-இல்; திருவான்மியூர் 66 டி/5-இல்; வேளச்சேரி 66 டி/1-இல். நாலு பேரும் பஸ்ஸில் அரை மணியில் சந்தித்துக்கொள்ளலாம். ஆனால் நாலு பேரையும் ஒன்றாகப் பார்க்க நாலு தாள் வாங்கி ஒட்ட வேண்டும்! தில்லியும் இப்படித்தான். நகரின் நடுப்பகுதி 53 எச்/2. ஆற்றைத் தாண்டி மயூர் விகார் 53 எச்/6.

எங்கள் அலுவலகத்தில் இந்தத் தாள்களை மேஜைமேல் பரப்பி, ஓரம் ஓரமாகச் சேர்த்து, டிரேசிங் தாளில் மசியால் எடுத்திருக்கிறேன். ஒரு தாளை முடிக்க இரண்டு வாரம் ஆகும். கடைசி நாளில் ஒரு வாய்க்காலின் போக்கு மாறிவிட்டது என்று அதிகாரி சொன்னால், பிளேடால் சுரண்டித் திருத்த வேண்டும். அந்த வாய்க்கால் அடுத்த தாளிலும் ஓடுமானால் அதையும் சுரண்ட வேண்டும்.

கணிப்பொறி என்ன செய்கிறது?

இன்று இந்த வேலையைச் செய்யப் பல மென்பொருள்கள் உள்ளன. விலை கொடுத்து வாங்குவதில் ஆர்க்-ஜி.ஐ.எஸ். பிரபலமானது. அதில் இந்த வசதிக்கு 'மேப் சீரிஸ்' என்று பெயர். நான் பயன்படுத்தியது க்யூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இப்போது பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து பல பக்க அட்லஸ் போடும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது.

சூத்திரம் எளிது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறோம். வாசகம் ஒன்றுதான், உறைமேல் எழுதும் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இங்கேயும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் நாம் வடிவமைக்கிறோம். நடுவில் படம், மேலே தலைப்பு, ஓரத்தில் வடக்குக் குறி, கீழே அளவுகோல். பிறகு, எந்தெந்த இடங்களுக்குப் பக்கம் வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் கொடுக்கிறோம். அந்தப் பட்டியல் கட்டங்களாக இருக்கலாம், மாவட்டங்களாக இருக்கலாம், ஏரிகளாகவும் இருக்கலாம். இதற்குக் 'கவரேஜ் லேயர்' என்று பெயர். மென்பொருள் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக எடுத்து, படச் சட்டத்தை அங்கே நகர்த்தி, தலைப்பையும் பக்க எண்ணையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாகத் தந்துவிடும்.

ஆர்வமுள்ள இளைஞர்களுக்காகச் சற்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அடித்தளப் படம். தெருக்களுக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் பொதுமக்களே வரைந்து சேர்த்து வரும் படம் அது. அதன்மேல் நம் வீடுகளைப் புள்ளிகளாக இட வேண்டும்.

அடுத்து கட்டம் போடுதல். 'கிரியேட் கிரிட்' என்ற கருவியில் அகலம், உயரம் சொன்னால் போதும். அது கட்டங்களுக்குத் தரும் எண்கள் மேலிருந்து கீழாக ஓடும். நாம் படிப்பதோ இடமிருந்து வலம். ஆகவே பக்க எண்ணை நாமே போட்டுக்கொள்வது நல்லது. ஆற்று மணலும் வயலும் மட்டும் உள்ள கட்டங்களை நீக்கிவிடலாம்.

பிறகு 'லேஅவுட்' என்ற பக்க வடிவமைப்புப் பகுதியில் அட்லஸ் வசதியை இயக்கி, கட்டங்களைக் கவரேஜ் லேயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படச் சட்டத்தின் குணங்களில் 'கன்ட்ரோல்டு பை அட்லஸ்' என்பதைக் குறிக்க வேண்டும். இதை மறந்தால் இருபத்து நாலு பக்கத்திலும் ஒரே படம் வரும். எனக்கு வந்தது!

அங்கேயே அளவைப் பற்றி ஒரு கேள்வி வரும். 'இடத்துக்குத் தக்கபடி சுருக்கு' என்று விட்டால், சிறிய பகுதி பெரிதாகவும் பெரிய பகுதி சிறிதாகவும் பக்கத்தை நிரப்பும். மாவட்டத்துக்கு ஒரு பக்கம் போடுவோருக்கு இது சரி. நடந்துபோகிறவனுக்கு இது ஆபத்து. ஒரு பக்கத்தில் விரல்கடை தூரம் ஐம்பது மீட்டர், அடுத்த பக்கத்தில் நூற்றிருபது மீட்டர் என்றால் கால்தான் வலிக்கும். எங்கள் புத்தகத்துக்கு எல்லாப் பக்கமும் 1:5,000 என்று நிலையான அளவு வைத்தேன். ஏ4 தாளில் படத்துக்கு 18 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் உயரம் கிடைத்தது. தரையில் அது 900 மீட்டருக்கு 1,200 மீட்டர்.

மூலையில் ஒரு சிறு படமும் உண்டு. மொத்தப் பகுதியையும் காட்டி, 'இப்போது நீ இருக்கும் கட்டம் இது' என்று சிவப்பில் காட்டும். நாலு ஓரங்களிலும் அடுத்த பக்கத்தின் எண். தொண்ணூறுகளில் தில்லிக்கு வெளியான ஐஷர் நகர வரைபடப் புத்தகத்தை வைத்திருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே. அதைப் புரட்டிப் புரட்டித்தான் நம்மில் பலர் கல்யாண மண்டபங்களைக் கண்டுபிடித்தோம்.

விட்டுப்போன வீடு

இவ்வளவும் செய்தேன். கட்டத்தின் அளவும் படச் சட்டத்தின் அளவும் ஒன்றாக, 900-க்கு 1,200 என்று கச்சிதமாக வைத்தேன். ஒரு பக்கம் முடியும் கோட்டில் அடுத்த பக்கம் தொடங்கும். மயிரிழை வீணில்லை. டிராஃப்ட்ஸ்மேன் புத்தி!

ஏழாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரு மாமா, மாமி. இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. இருவருக்கும் காய்ச்சல். அவர்கள் வீட்டுப் புள்ளி மிகச் சரியாகக் கோட்டின்மேல் விழுந்தது. ஏழாம் பக்கத்தின் வலது ஓரத்தில் அரை வட்டம். எட்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் மற்ற அரை வட்டம். சந்தின் பெயர் எட்டாம் பக்கத்தில். உள்ளே நுழையும் வாசல் ஏழாம் பக்கத்தில்.

ஏழாம் பக்கத்துப் பையன், பெயர் அந்தப் பக்கம் இருக்கிறது, அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தான். எட்டாம் பக்கத்துப் பையன், வாசல் இந்தப் பக்கம் இல்லையே, அவன்தான் போவான் என்று நினைத்தான். இருவரும் நல்ல பிள்ளைகள். இருவரும் நாள் தவறாமல் சுற்றியவர்கள். இரண்டு நாள் அந்த வாசலில் யாரும் மணியடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர்கள் மகன் வெளியூரிலிருந்து எனக்குப் போன் செய்தார். "சார், சாப்பாடு நிறுத்திட்டீங்களா?" என்றுதான் கேட்டார். எனக்குக் கை நடுங்கிற்று. நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் இருந்த நொய்யைக் கஞ்சி காய்ச்சி இரண்டு நாளை ஓட்டியிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எங்களைவிட அவசரமா வேற யாருக்கோ வேணும் போலன்னு நினைச்சுண்டோம்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

பகவான் கிருபையில் இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மென்பொருள் தவறு செய்யவில்லை. சொன்னதை இருபத்து நாலு முறை, ஒரு சிணுங்கலும் இல்லாமல் செய்தது. வெட்டியவன் நான். வெட்டுகிற கோட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வெட்டியவனும் நான்தான்.

இரண்டாம் பதிப்பு

மறுநாள் காலைக்குள் புத்தகத்தைத் திருத்தினேன். சுரண்டிய காலமாக இருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். இப்போது கட்டங்களை மாற்றி, ஒரு பொத்தானை அழுத்த, சில நிமிடங்களில் எல்லாப் பக்கமும் புதிதாக வந்தது. கட்டம் சிறுத்ததால் பக்கம் மட்டும் 24-இலிருந்து 35-ஆயிற்று. செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். எந்த அட்லஸ் போடுகிறவருக்கும் இவை உதவும்.

முதலாவது, மேற்கவிதல். கட்டத்தை 700 மீட்டருக்கு 1,000 மீட்டராகச் சுருக்கினேன். படச் சட்டம் பழைய அளவே. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் நாலு புறமும் நூறு மீட்டர், அதாவது தாளில் இரண்டு சென்டிமீட்டர், பக்கத்துக் கட்டமும் சேர்ந்து தெரியும். ஓரத்து வீடு இப்போது இரண்டு பக்கத்திலும் முழுதாக இருக்கும்.

இரண்டாவது, பொறுப்பு. இரண்டு பக்கத்தில் தெரிகிறது என்றால், இரண்டு பேரும் போகலாம். அல்லது இருவருமே போகாமல் இருக்கலாம். ஆகவே தன் கட்டத்துக்கு வெளியே உள்ளதை எல்லாம் வெளிர் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கினேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே ஒரு பக்க எண்ணைக் கையால் எழுதிச் சேர்த்தேன். எந்தப் பக்கம் என்பதைக் கட்டக் கோடு அல்ல, வாசல் இருக்கும் பக்கம் முடிவு செய்தது. பக்கத்தின் அடியில், அந்தப் பக்க எண்ணுக்குரிய வீடுகளின் பட்டியல் தானாக வந்து உட்காரும்படி அமைத்தேன்.

மூன்றாவது, கூட்டல். எல்லாப் பக்கப் பட்டியல்களையும் கூட்டினால் மொத்தக் குடும்பங்களின் எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒருவர் பட்டினி. ஒன்று கூடினால் ஒருவருக்கு இரண்டு பொட்டலம், அது பரவாயில்லை. இந்தக் கூட்டலைக் கணிப்பொறியிடம் விடாமல் காகிதத்தில் நானே போட்டேன்.

நான்காவது, எல்லை. முதல் பதிப்பில் தில்லி மாநில எல்லையோடு படத்தை நிறுத்தியிருந்தேன். வசுந்தரா என்கிளேவை ஒட்டியே நொய்டா. சாலையைத் தாண்டினால் உத்தரப் பிரதேசம். அங்கே இருப்பவரும் நம்மவர்தானே? மாநிலம் முடிகிற இடத்தில் பசி முடிவதில்லை. மேலும் இரண்டு பக்கம் சேர்ந்தது.

ஐந்தாவது, மறைவு. முதல் பதிப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் எழுதியிருந்தேன். புத்தகம் தெருவில் விழுந்தால், யார் வீட்டில் நோய், யார் தனியாக இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே படத்தில் எண் மட்டும். எண்ணுக்குரிய பெயரும் போனும் பையனின் சட்டைப் பையில் தனித்தாளில்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கையால் வரையும்போது ஒரு தாளில் நேரும் பிழை அந்தத் தாளோடு போகும். இங்கே மாதிரிப் பக்கத்தில் செய்யும் பிழை எல்லாப் பக்கத்திலும் அச்சாகும். புள்ளிவிவர அட்லஸ் போடுவோர் வண்ணங்களில் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் கரும்பச்சை என்பது ஐந்நூறு, அடுத்த பக்கத்தில் ஐயாயிரம் என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடுகிறவர் ஏமாறுவார். ஆகவே முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் நாலு ஓரப் பக்கங்கள் இவற்றையாவது அச்சடித்துக் கையில் பிடித்துப் பார்க்காமல் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது.

நம் பிள்ளைகள் செய்யலாம்

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தகவல் விதிகளைப் பெரிதும் தளர்த்தியது. முன்பு அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய பல வேலைகளை இந்தியர்கள் இப்போது தாங்களே செய்யலாம். மென்பொருள் இலவசம். தமிழ் எழுத்தும் பிசகின்றி அச்சாகிறது. பள்ளி முடித்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! கோடை விடுமுறையில் சொந்த ஊர் போகும்போது, அந்த ஊர் ஏரிகளையும் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் குறித்து வந்து, ஊருக்கு ஒரு பக்கமாக ஒரு சிறு அட்லஸ் போடச் சொல்லுங்கள். தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார் என்று கேட்டால், இங்கே பிறந்து வளர்ந்த பேரன் விரல் வைத்துக் காட்டட்டும். அவசரக் காலத்துக்கென்று, தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு ஒரு புத்தகம் ஒவ்வொரு பகுதியிலும் தயாராக இருக்கட்டும்.

ஊரை விட்டு வந்த நாம் ஏதோ ஒரு பக்கத்தின் ஓரத்தில்தான் இருக்கிறோம். இங்கே கேட்டால் அந்த ஊர்க்காரர். அங்கே போனால் தில்லிக்காரர். ஓரத்தில் இருப்பவரை யார் பட்டியலில் சேர்ப்பது என்று யாராவது ஒருவர் எழுதி வைத்தாக வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சந்து வீடு இப்போது இரண்டு பக்கங்களிலும் தெரிகிறது. எட்டாம் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக. ஏழாம் பக்கத்தில் கறுப்பில் அழுத்தமாக, பட்டியலில் முதல் வரியில்.